அயலவருக்கும் ஆகும் பலகாரம்: நானகத்தாவின் வரலாறும் செய்முறையும்

பெருநாள் பலகாரம் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது வட்டிலப்பமும் தொதலும்தான். ஆனால் அவை முடிந்த பின்னரும் பெரிய டின்னுக்குள் மிச்சமிருந்து, பெருநாள் கழிந்து இரண்டு வாரம் வரை வருவோர் போவோருக்கெல்லாம் தேநீரோடு எடுத்துவைக்கப்படுவது நானகத்தா. கோதுமை மா, சீனி, நெய், ஏலக்காய் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பொருட்களால் ஆன எளிய பிஸ்கட் அது. பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அதே பலகாரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது.

கடையில் கிடைப்பதை வீட்டில் ஏன் செய்ய வேண்டும்? செய்ததை அயல் வீடுகளுக்கு ஏன் கொடுத்தனுப்ப வேண்டும்? இக்கேள்விகளுக்கான விடை நானகத்தாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்வது, அதன் பக்குவத்துக்குப் பின்னால் உள்ள விஞ்ஞானம் என்ன, யாருக்கெல்லாம் அதைக் கொடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை ஒவ்வொன்றாக விளக்குகிறது.

சொற்கள் சொல்லும் வரலாறு

ஆவியில் அவிப்பதும், எண்ணெயில் பொரிப்பதும், கல்லிலும் சட்டியிலும் சுடுவதும் நம் சமையலின் பழைய முறைகள். இடியப்பம், பனியாரம், ரொட்டி எல்லாம் இவற்றுள் அடங்கும். நாற்புறமும் மூடிய சூட்டுக்குள் வைத்து வேகவிடுவது நம் வீடுகளுக்குப் பிற்காலத்தில் வந்த முறை. அதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதை நாம் அன்றாடம் பேசும் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

'பாண்' என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பாண் சுடும் 'போறணை'யும் அவர்களுடைய 'ஃபோர்னோ' என்ற சொல்லின் திரிபுதான். நம் மூத்தவர்கள் சொல்லும் 'பிஸ்கோத்து' என்பதும் அவர்கள் வழியாக வந்ததே. அதன் வேர்ச்சொல் லத்தீன் மொழியில் 'இருமுறை வெந்தது' என்று பொருள்படும். மாதக்கணக்கில் நீளும் கப்பற்பயணத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதற்காக, சுட்ட ரொட்டியை மீண்டும் ஒருமுறை சூட்டில் வைத்து ஈரத்தை முழுவதும் போக்குவார்கள். பிஸ்கட் பிறந்த கதை அது.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் பொரிக்கப்படும் கொக்கிஸை நாம் எல்லோரும் உண்டிருக்கிறோம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து பூ அச்சில் பொரிக்கும் அந்தப் பலகாரத்தின் பெயர், 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்தது என்பர். சிறிய கேக் என்ற பொருள்படும் ஒல்லாந்துச் சொல் அது. அமெரிக்கர் பிஸ்கட்டைக் 'குக்கி' என்று அழைப்பதும் அதே ஒல்லாந்துச் சொல்லைக் கொண்டுதான். கஹவத்தையின் கொக்கிஸும் அமெரிக்காவின் குக்கியும் பெயரளவில் ஒரு தாய் பிள்ளைகள்.

நானகத்தாவின் பெயரோ இன்னொரு திசையிலிருந்து வருகிறது. 'நான்' என்பது பாரசீக மொழியில் ரொட்டி. 'கத்தாயி' என்பது ஆப்கானிஸ்தானத்தில் இன்றும் பெருநாளுக்குச் சுடப்படும் ஒருவகை மாவுப் பலகாரத்தின் பெயரில் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்த பெயரை வட இந்தியர் 'நான்கத்தாய்' என்கின்றனர். நம் வீடுகளில் அது நானகத்தா. சிங்களத்தில் 'ஞானகத்தா' என்பார்கள். அந்த மொழியில் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'அறிவுக் கதை' என்று பொருள் வரும். பெயர் தற்செயலாக அமைந்தாலும், இந்தப் பலகாரத்தின் கதையில் ஓர் அறிவு இருக்கத்தான் செய்கிறது.

சூரத் நகரில் நடந்த மாற்றம்

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் உள்ள சூரத், ஒரு காலத்தில் இந்துசமுத்திரத்தின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. ஹஜ் பயணிகள் மக்கா செல்லக் கப்பலேறிய துறைமுகம் என்பதால் அதற்கு 'மக்காவின் வாசல்' என்ற பெயரும் உண்டு. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலைகளை அமைத்துவிட்டார்கள்.

அந்நகரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது. ஒல்லாந்தருக்காகப் பாண் சுட்ட ஒரு பேக்கரி அங்கே இருந்தது. ஒல்லாந்தர் நாடு திரும்பும்போது, தம்மிடம் வேலைசெய்த பரம்ஜி பெஸ்தோன்ஜி தோதிவாலா என்ற பார்சி இனத்தவரிடம் பேக்கரியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஐரோப்பியர் போன பின்னர் பாணுக்கு ஆள் இல்லை. மாவைப் புளிக்கவைக்கப் பனங்கள் சேர்க்கப்பட்டதால் உள்ளூர் மக்கள் அதைத் தொடத் தயங்கினர். முட்டை சேர்ந்த பலகாரங்களையும் அவர்களில் பலர் உண்பதில்லை. விற்காமல் கிடந்த பாண் காய்ந்து இறுகியது. அதை மலிவாக விற்றபோது, தேநீரில் தோய்த்து உண்ணலாம் என்று சிலர் வாங்கத் தொடங்கினார்கள். காய்ந்த பலகாரத்துக்கு இங்கே விருப்பம் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட தோதிவாலா, கள்ளையும் முட்டையையும் அடியோடு விலக்கி, மாவும் சீனியும் நெய்யும் மட்டும் சேர்த்துச் சிறிய பிஸ்கட்டுகளைச் சுட்டார். அதுவே நான்கத்தாய் ஆனது. அக்குடும்பத்தின் பேக்கரி இன்றும் சூரத்தில் இயங்குகிறது.

இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. மரக்கறி உணவு மட்டும் உண்ணும் அயலவருக்காக முட்டை போனது. கள்ளை விலக்கும் அயலவருக்காகக் கள் போனது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் மனத்தடையின்றி உண்ணக்கூடியதாக மாற்றப்பட்டதால்தான் இது அவ்வூரையும் தாண்டி இத்தனை நாடுகளுக்குப் பரவியது. அயலவரை எண்ணிச் செய்த பலகாரம் என்று இதைச் சொன்னால் அது மிகையல்ல.

குஜராத்திலிருந்து மேமன், போரா வணிகக் குடும்பங்கள் இலங்கைக்கு வந்து குடியேறியதும், தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள் நம் துறைமுகங்களோடு வாணிபம் செய்ததும் நாம் அறிந்தவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதன் உறவுப் பலகாரம் 'சூஜி பிஸ்கட்' என்றும் 'நெய் பிஸ்கட்' என்றும் பெயர் பெற்றிருக்கிறது. அங்கே அது தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பொதுவான பலகாரம்.

பெருநாளும் மாவுப் பலகாரமும்

நோன்புப் பெருநாளன்று தொழுகைக்குப் புறப்படும் முன் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாக உண்டார்கள் என்பது நாம் அறிந்த ஸுன்னா. அந்தப் பேரீச்சம்பழத்தையே உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடும் பழக்கம் அரபு நாடுகளில் பரவியிருக்கிறது. சிரியாவிலும் லெபனானிலும் அது மஃமூல், ஈராக்கில் கிளைச்சா, எகிப்தில் கஃக்.

எகிப்தின் கஃக்குக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாத்திமிய ஆட்சியாளர் அல்-அஸீஸ் காலத்தில், பெருநாள் பலகாரங்களைச் செய்து மக்களுக்கு வழங்குவதற்கென்றே 'தாருல் ஃபித்ரா' என்ற தனிக் கூடம் கெய்ரோவில் இயங்கியது. இந்தோனேசியாவில் பெருநாளுக்கு அன்னாசிப் பாகு வைத்த 'நஸ்தார்' என்ற சிறு பிஸ்கட்டைச் சுடுகிறார்கள். அதன் பெயரும் செய்முறையும் அங்கே ஆண்ட ஒல்லாந்தரிடமிருந்து வந்தவை. நாடு எதுவானாலும் பெருநாள் பிஸ்கட்டுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுதான்: அது ஈரமற்றது, பல நாள் இருக்கும், எண்ணிக் கொடுக்கலாம், தூரத்துக்கு எடுத்துச்செல்லலாம்.

தேவையான பொருட்கள்

நம் மூத்தம்மாமார் தேநீர்க் கோப்பையால் அளந்தார்கள். அவர்களின் கைக்கு அது போதுமாக இருந்தது. புதிதாகச் செய்யும் நமக்கு நிறுத்துப் பார்ப்பதே நல்லது. அதிலும் நோன்பு நாளில் செய்யும்போது சுவைத்துப் பார்த்துத் திருத்துவது இயலாது. அளவு சரியாக இருந்தால்தான் பண்டம் சரியாக வரும். ஏறத்தாழ 30 நானகத்தாவுக்கு வேண்டியவை:

கோதுமை மா 250 கிராம்
ரவை 25 கிராம்
தூளாக்கிய சீனி 125 கிராம்
நெய் 150 கிராம்
அப்பச்சோடா கால் தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை
ஏலக்காய் 5 அல்லது 6, தோல் நீக்கிப் பொடித்தது
மேலே வைப்பதற்குக் கஜு (விரும்பினால்)

நெய்க்குப் பதிலாக மாஜரின் அல்லது பட்டர் சேர்ப்போரும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், பட்டரில் ஏறத்தாழ 80 வீதமே கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர். நெய்யில் நீர் அநேகமாக இல்லை. ஆகவே நெய்யில் செய்தது வாயில் வைத்தவுடன் உதிர்ந்து கரையும்; பட்டரிலும் மாஜரினிலும் செய்தது சற்று இறுக்கமாக இருக்கும். மாஜரின் வாங்குவோர் பெட்டியில் உள்ள கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்குவது நல்லது. பாணில் பூசுவதற்கென்று விற்கப்படும் சிலவற்றில் நீர் மிக அதிகம்.

செய்முறையும் அதன் காரணங்களும்

முதலாவதாக, மாவையும் அப்பச்சோடாவையும் உப்பையும் ஒன்றாக இருமுறை அரித்துக்கொள்ள வேண்டும். அப்பச்சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அந்த இடத்தில் சவர்க்காரச் சுவை தட்டும். அரித்த பின் ரவையையும் ஏலப்பொடியையும் கலந்துவைக்கலாம்.

இரண்டாவதாக, நெய்யையும் சீனியையும் சேர்த்து வெள்ளை நிறமாக, நுரைபோல வரும்வரை அடிக்க வேண்டும். நெய் உறைந்த பதத்தில் இருப்பது முக்கியம். சீனித் துகள்கள் உறைந்த கொழுப்பைக் கீறிக் காற்றை உள்ளே புகுத்துகின்றன. இக்காற்றே பின்னர் சூட்டில் விரிந்து பலகாரத்தை இலேசாக்குகிறது. உருகிய நெய்யில் காற்று நிற்காது. நம் ஊரின் பகல் வெப்பத்தில் நெய் இளகியிருந்தால், பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து அடிக்கலாம்.

மூன்றாவதாக, மாவைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து விரல் நுனியால் கூட்டி எடுக்க வேண்டும். ரொட்டிக்குப் பிசைவதுபோல் பிசையக் கூடாது. கோதுமை மாவில் உள்ள இருவகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது 'குளூட்டன்' என்ற இழுவைத் தன்மையுள்ள வலை உண்டாகிறது. ரொட்டியைத் தட்டி விரிக்க முடிவது அந்த வலையால்தான். நானகத்தாவுக்கு அது ஆகாது. இங்கே நெய், மாத் துகள்களைச் சுற்றிப் படிந்து நீர் சேரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் இப்பலகாரம் கடித்தவுடன் உதிர்கிறது. தோட்டத்து வீடுகளின் அன்றாட ரொட்டியும் பெருநாள் நானகத்தாவும் ஒரே மாவில்தான் பிறக்கின்றன. ஒன்றில் நீர் சேர்கிறது, மற்றதில் கொழுப்பு சேர்கிறது. மா உதிரியாக இருந்து உருட்ட வராவிட்டால் தண்ணீர் தெளிக்காமல் ஒரு தேக்கரண்டி நெய் சேர்க்க வேண்டும்.

நான்காவதாக, கூட்டிய மாவை மூடி அரை மணிநேரம் வைக்க வேண்டும். அதற்குள் ரவை ஊறும். நெய் மீண்டும் இறுகும். பிறகு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருண்டைகளாக்கி, இலேசாக அமர்த்தி, தட்டில் ஓர் அங்குல இடைவெளி விட்டு அடுக்கலாம். நெய்யும் சீனியும் உருகும்போது பலகாரம் பரவும் என்பதால் இடைவெளி அவசியம்.

ஐந்தாவதாகச் சுடுதல். ஓவனை 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை முன்கூட்டியே சூடாக்கி, 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வைப்பதற்கு முன்னர் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது நல்லது. அது தட்டையாகப் பரவினால் மாவில் இன்னும் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா சேர்க்கலாம். அளவுக்கு மேல் வெடித்து உதிர்ந்தால் சிறிது நெய் சேர்க்கலாம்.

நானகத்தாவின் மேற்பரப்பில் தோன்றும் அழகிய வெடிப்புக்கும் காரணம் உண்டு. சூட்டில் அப்பச்சோடாவிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிவருகிறது. மேற்புறம் காய்ந்து இறுகிய பின்னரும் உட்புறம் விரிந்துகொண்டிருப்பதால் மேற்பரப்பு பிளக்கிறது. பொன்னிறமும் வாசனையும் வருவது வேறு காரணத்தால். மாவின் புரதக் கூறுகளும் சில சீனி வகைகளும் கடும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்வைகளை உண்டாக்குகின்றன. 1912 இல் இதனை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீய் மையார் பெயரால் இது 'மையார் தாக்கம்' எனப்படுகிறது. பாணின் மேற்தோல் சிவப்பதும் இதே தாக்கத்தால்தான். உயர்தரத்தில் இரசாயனம் கற்கும் தோழியருக்கு அடுப்படியிலேயே ஒரு செயன்முறைப் பாடம் இது.

நானகத்தா சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேற்புறம் வெளிறியும் அடிப்புறம் இளம் பொன்னிறமாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சூட்டோடு தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று எண்ணிப் பலர் மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். நெய் உருகிய நிலையில் இருப்பதே அந்த மென்மைக்குக் காரணம். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டால் தானாக இறுகும்.

ஓவன் இல்லாத வீட்டில்

ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மின்சாரம் வராத காலத்திலும் நம் மூத்தம்மாமார் மேலும் கீழும் நெருப்பிட்டுப் பலகாரம் சுட்டவர்கள்தான். அடி கனமான பெரிய சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணலைப் பரப்ப வேண்டும். அதன்மேல் ஒரு சிறிய வளையத்தை வைத்து, சட்டியை மூடி, மிதமான தீயில் கால் மணிநேரம் சூடேற்ற வேண்டும். பிறகு பலகாரத் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, மூடியின் மீது சிரட்டைத் தணல் பரப்பலாம். மணல் சூட்டைப் பிடித்துவைத்துச் சீராகக் கொடுப்பதால் அடி கருகாது. மேல் தணல் மேற்பகுதியை வேகவைக்கும். எரிவாயு அடுப்பில் செய்வோர் தணல் இல்லாமலும் சுடலாம். நேரம் சற்றுக் கூடும்; மேல்புறம் நிறம் மாறாது; சுவை குறையாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை, ஆனால் அது உயிராபத்தானது. தணல் பயன்படுத்தும்போது அடுப்படியின் கதவும் யன்னலும் திறந்தே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அருகில் விடக் கூடாது.

மழையூரில் பாதுகாத்தல்

நம் இரத்தினபுரி மாவட்டம் நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே செய்வதை விடச் சேமிப்பது இங்கே கடினம். பாணைத் திறந்து வைத்தால் அது காய்கிறது. பிஸ்கட்டைத் திறந்து வைத்தால் அது நமத்துப்போகிறது. பாணில் காற்றை விட ஈரம் அதிகம் என்பதால் ஈரம் வெளியேறுகிறது. பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு என்பதால் காற்றிலிருந்து ஈரம் உள்ளே போகிறது. அதில் உள்ள சீனி அந்த ஈரத்தை மேலும் இழுக்கிறது.

எனவே முற்றாக ஆறிய பின்னரே டின்னில் போட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே நீராவி படிந்து, ஒரே இரவில் நமத்துவிடும். பெரிய டின் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு அடிக்கடி திறப்பதிலும், இரண்டு மூன்று சிறிய டின்களில் பிரித்து வைப்பது நல்லது. நமத்துப்போனால் எறிய வேண்டாம். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். ஆனால் காறல் வாசனை வந்துவிட்டால் அது நெய் பழுதானதன் அடையாளம். அதை உண்ணக் கூடாது. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் நெய்யைக் காறவைக்கும். டின்னை அடுப்புக்கு அருகில் வைக்காமல் இருந்தால் இரண்டு வாரம் வரை கவலையில்லை.

இவ்வாறு தாக்குப்பிடிப்பதால்தான் இது பயணத்துக்கும் ஏற்றது. கொழும்பில் படிக்கும் நானாவுக்கும், மத்திய கிழக்கில் வேலைபார்க்கும் உம்மாவுக்கும் அனுப்பக்கூடிய பெருநாள் பண்டம் இதுதான். வட்டிலப்பத்தை விமானத்தில் அனுப்ப முடியாது. நானகத்தாவைத் தாளில் சுற்றி, இடைவெளியில்லாமல் அடுக்கி, இறுக மூடிய டின்னில் ஊருக்கு வந்து திரும்பும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

தட்டு யாருக்குப் போகிறது?

தமக்கு அயலவர் இருவர் இருந்தால் யாருக்கு முதலில் அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. அங்கே வாசலின் தூரமே அளவுகோல். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுடைய வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, தமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் முதலில் விசாரித்தார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அனுப்பப்படும் பொருள் ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று முஸ்லிம் பெண்களை விளித்தே நபியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

கஹவத்தையில் நம் வாசலுக்கு அருகில் இருப்பவர்கள் யார்? ஒருபுறம் சிங்களக் குடும்பம். மறுபுறம் முஸ்லிம் குடும்பம். பாதை ஏறிப் போனால் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயன்களில் தமிழ்க் குடும்பங்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கக்கூடிய பலகாரமாக நானகத்தா அமைந்திருக்கிறது. விரத நாளில் முட்டை தொடாத இந்து வீட்டாருக்கு அது ஆகும். போயா தினத்தில் சில் எடுப்போர் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை என்பதால், அன்று காலையிலேயே கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் ஆகும். நீரிழிவு உள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்குச் சிறிதாகச் செய்து குறைவாகக் கொடுக்கலாம். கஜு ஒவ்வாத பிள்ளை இருந்தால் கஜு வைக்காததைத் தனியாகச் சுடலாம். இவற்றை யோசித்துக் கொடுப்பதுதான் கடைப் பெட்டிக்கும் வீட்டுத் தட்டுக்கும் உள்ள வேறுபாடு. கடைக்காரருக்கு நம் அயலவரைத் தெரியாது, நமக்குத் தெரியும்.

தட்டுப் பரிமாற்றம் தடைப்பட்ட ஆண்டுகளையும் நாம் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த கொடூரத்தின் பின், ஜூன் தொடக்கத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. கொடுத்தால் வாங்குவார்களா என்ற தயக்கம் ஒருபுறம், வாங்கலாமா என்ற தயக்கம் மறுபுறம். 2020 இல் ஊரடங்கு. 2022 இல் மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் வரிசையில் நின்ற காலம். நான்கு ஆண்டுகளில் மூன்று பெருநாட்கள் இப்படிப் போனால், தட்டு போகாத பழக்கம் ஒன்று உருவாகிவிடுகிறது. பிறகு வசதி திரும்பினாலும் தட்டு திரும்புவதில்லை. 'அவர்களும் அனுப்பவில்லை, நாமும் அனுப்பவில்லை' என்று இரு வீட்டாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பகை எதுவும் இல்லாமலேயே இரு வாசல்களுக்கிடையே தூரம் கூடிவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டாரின் பெயர் கூடத் தெரியாமல் போகிறது. இதனை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கஷ்டகாலத்தில் ஓடிவந்து கதவைத் தட்டக்கூடியவர் யார் என்பது, சாதாரண காலத்தில் யாருடைய கதவை நாம் தட்டினோம் என்பதில் தங்கியிருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். முச்சக்கர வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினால் பண்டம் போய்ச் சேரும், பழக்கம் போய்ச் சேராது. நிறைய இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. சீனியும் நெய்யும் விலை ஏறியிருக்கும் இக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு பிஸ்கட் போதும். மேலே கூறிய அளவில் ஐந்து வீடுகளுக்குக் கொடுக்கலாம். நாள் கூலியில் வாழும் வீட்டுக்குக் கொடுக்கும்போது, பதிலுக்கு என்ன கொடுப்பது என்ற சங்கடத்தை அவர்களுக்கு ஏற்படுத்தாத அளவில் கொடுப்பதும் ஒரு பண்பு. நம் பக்கத்தில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பதால், ஒரு கைப்பிடி சீனியோ வீட்டு மரத்துக் கறிவேப்பிலைக் கொத்தோ திரும்பி வரும். அதை மனமகிழ்வோடு பெற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தோழியருக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு நானகத்தாவின் அளவு உம்மாவின் கையிலும் மூத்தம்மாவின் நினைவிலும் மட்டுமே இருக்கக்கூடும். இந்தப் பெருநாளைக்கு அவர்கள் மா அள்ளும்போது அருகில் அமர்ந்து, ஒவ்வொரு கோப்பையையும் தராசில் வைத்து நிறுத்து, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தின் கீழே அயல் வீட்டார் பெயர்களையும் எழுதி, யார் முட்டை உண்பதில்லை, யாருக்குச் சீனி ஆகாது என்று குறித்துவையுங்கள். செய்முறையைப் போலவே அதுவும் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். நம் வாசல்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.